மூன்றாவது வரி

ஜூன் 3

தம்பிக்கு,

மூன்றாம் வகுப்பு ஆங்கில-தமிழ் அகராதியின் முதல் நூறு பக்க ப்ரூஃப் இந்தக் கட்டில் இருக்கிறது. திருத்தங்கள் வழக்கம்போலப் பச்சை மையில். கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். போனை எடுக்காமல் இருக்கலாம், ப்ரூஃப் கட்டைப் பிரிக்காமல் இருக்க உனக்கு வழியில்லை. எட்டு மாதமாக உன் போனில் நான் வெறும் மிஸ்டு கால்.

உன் ஆபீஸில் எல்லார் முன்னாலும் உன்னை 'பெட்டி ரொப்புறவன்' என்று சொன்னது தப்புதான். ஆனால் ஒரு வருஷம் உட்கார்ந்து நான் எழுதியதில் நாற்பது சொற்களின் பொருளை, படத்துக்குக் கீழே இருக்கிற பெட்டியில் இரண்டு வரிதான் அடங்கும் என்று சொல்லி, என்னைக் கேட்காமல் நீ வெட்டியதும் தப்புதான். 'ப்ராமிஸ்' என்பதற்கு, 'செய்வேன் என்று சொல்வது. சொன்னால் செய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தேன். இரண்டாவது பாதியைக் காணோம். வெறுமனே 'செய்வேன் என்று சொல்வது' என்றால், அதைத்தான் உன் முதலாளி தினமும் செய்கிறாரே.

சரி, அதைக் கிளற இந்தக் கடிதம் எழுதவில்லை. வேறு விஷயம்.

உன்மேல் இருந்த கோபத்தில், அச்சாகி வந்த இரண்டாம் வகுப்பு அகராதியை நான் பிரிக்கவே இல்லை. வந்த உறையோடு அலமாரியில் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கீழ்வீட்டுக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த வீட்டுப் பெண் இரண்டாம் வகுப்பு. தரையில் குப்புறப் படுத்து, சொல்லின்மேல் விரல் வைத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "மஷ்ரூம். மழை பெய்தபின் மண்ணில் முளைக்கும் சின்னக் குடை. சமைத்துச் சாப்பிடலாம்." படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

நான் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். பக்கம் 71. கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற ஒரு சிவப்புக் காளான் படம். அதன்கீழே அந்த இரண்டு வரி. நான் எழுதியது மூன்று வரி. மூன்றாவது வரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: 'தானாக முளைத்ததைத் தொடாதே, விஷமாக இருக்கலாம்.'

அந்த வரி எங்கே?

ஏழு வயசுப் பிள்ளைக்கு அச்சில் இருப்பது டீச்சர் சொன்னதற்குச் சமம். ஒன்பதாயிரம் பிரதி போயிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, மழை இன்னும் பத்து நாளில் வந்துவிடும். அதற்குள் உன் முதலாளியிடம் சொல்லி எல்லாப் பள்ளிக்கும் தகவல் போகச் செய். என்னோடு பேச வேண்டாம், இதை மட்டும் செய்.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

ப்ரூஃப் வந்தது. கடிதமும் வந்தது.

முதலில் ஒன்று. நான் வெட்டியது நாற்பது இல்லை, முப்பத்தெட்டு. பட்டியல் என்னிடம் இருக்கிறது, ஏனென்றால் இப்படி ஒரு நாள் வரும் என்று உன்னோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்த அனுபவத்தில் எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் மஷ்ரூம் இல்லை. எனக்கு வந்தபோதே அது இரண்டு வரிதான்.

நீ சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது அப்படியே: "காளானைப் பறிக்கிறதுக்கு முன்னாடி அகராதியைப் பொரட்டிப் பாக்குற புள்ளை எந்த ஊர்ல இருக்கு? அடுத்த பதிப்புல சேத்துக்கலாம். இதுக்கெல்லாம் ஊரைக் கூட்டினா நம்ம பேரு என்னாவுறது?"

நான் மறுபடி சொன்னேன். அப்போது அவர், "உங்க அக்காவுக்கு மூணாங்கிளாஸ் வேலை வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு" என்றார். இதோ கேட்டுவிட்டேன். இதை மிரட்டல் என்று நீ எடுத்துக்கொள்வாய். அவரும் அப்படித்தான் சொன்னார்.

என் கருத்தைக் கேட்டால், அடுத்த பதிப்புவரை பொறுத்துப் போகலாம். உன் பெண் வாலு இந்த வருஷம் நாலாம் வகுப்பு. அவள் அப்பா போனபிறகு உன் வீட்டுக்கு வருகிற ஒரே வருமானம் இந்தப் பச்சை மைதான் என்பது எனக்கும் தெரியும்.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

பொறுத்துப் போகலாமா? எதைப் பொறுத்து?

உன் பட்டியலை நீயே வைத்துக்கொள். எழுதியவள் நான், மூன்று வரி எழுதினேன். உன்னிடம் வந்து அது இரண்டாயிற்று. நடுவில் கூரியர்காரர் உட்கார்ந்து அடித்துத் திருத்தினாரா? என் காதில் பூ சுற்றாதே.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு சொல்லும் மூடிக் கேட்டபிறகுதான் என் வீட்டை விட்டு வெளியே போகும். ஆங்கிலச் சொல்லை உள்ளங்கையால் மூடிவிட்டு, பொருளை மட்டும் படித்து, ஐந்து பிள்ளைகளிடம் 'இது என்ன சொல்' என்று கேட்பேன். நாலு பேராவது சரியாகச் சொன்னால்தான் பாஸ். 'நெய்பர்' என்பதற்கு ஏழு தடவை மாற்றி எழுதினேன். 'பக்கத்து வீட்டில் இருப்பவர்' என்றால் ஒருத்தன் 'டாக்' என்றான், அவன் பக்கத்து வீட்டில் நாய்தான் எப்போதும் இருக்குமாம். அப்படிப் பிள்ளைகள் வாயில் போட்டு மென்று பார்த்து அனுப்பின பொருளை நீ ஸ்கேலை வைத்து அளந்து வெட்டினாய். மற்ற சொற்களை வெட்டினாய், அவமானத்தோடு போயிற்று. இது அப்படிப் போகாது.

இங்கே நேற்று மழை பிடித்துக்கொண்டது. காலையில் வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது, விளையாட்டு மைதானத்துச் சுவரோரம் வெள்ளையாக ஏழெட்டு முளைத்திருந்தன. செருப்புக்காலால் மிதித்து நசுக்கினேன். காவலாளி என்னை ஒருமாதிரி பார்த்தார். தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் 'பதிப்பகத்திலிருந்து எழுத்து மூலமாக ஏதாவது வந்திருக்கிறதா' என்று கேட்டார். வரவில்லை என்றேன். "அப்ப நாங்க எப்படிம்மா பிள்ளைங்ககிட்டேயிருந்து புக்கை வாங்குறது?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

மூன்றாம் வகுப்பு வேலை போனால் போகட்டும். ஃபைலை எடு. என் கைப்பிரதி உங்கள் பழைய ஃபைல் வைக்கிற அறையில்தான் இருக்கும். எடுத்துப் பார்த்து, நான் மூன்று வரி எழுதியிருக்கிறேன் என்று உன் முதலாளியின் மூக்குக்கு முன்னால் காட்டு. அதன்பிறகு அவர் தகவல் அனுப்பித்தான் ஆகவேண்டும்.

உனக்கு உன் வேலைதான் பெரிது என்றால் அதையும் எழுது. படித்துவிட்டு வேறு வழி பார்க்கிறேன்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். இதை வாயால் சொல்ல வரவில்லை. தவிர, நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

நேற்று முன்தினம் ஒரு டீச்சர் ஆபீஸுக்கு வந்தார். இரண்டாம் வகுப்பு டீச்சர். மழையில் நனைந்திருந்தார், ஆனால் கையிலிருந்த அகராதியை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். முதலாளி அறைக்குள் போகாமல் நேரே என் மேஜைக்கு வந்து, பக்கம் 71-ஐப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

அவர் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். பள்ளிக்குப் பின்னால் சுவரோரம் முளைத்ததைப் பறித்து, சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்துச் 'சமைத்து', பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டார்கள். மூன்றாவது பெண் தன் பங்கை முழுக்கச் சாப்பிட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் வாந்தி. மறுநாள் நன்றாகிவிட்டாளாம், எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்களாம். அதற்கும் மறுநாள் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். ஈரல் பாதித்திருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஏன் சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு அந்தப் பெண், "புக்ல சாப்பிடலாம்னு போட்டிருக்கே" என்றாளாம்.

டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. "இதை எழுதினது யாரு சார்?" என்று மட்டும் கேட்டார். முதலாளி வெளியே வந்து, விசாரிக்கிறோம், காளான் தின்றதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஏதோ பூசி மெழுகி அவரை அனுப்பிவைத்தார்.

அன்று மத்தியானம் பழைய ஃபைல் அறைக்குப் போய் உன் ஃபைலைத் தேடி எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒருவேளை நான்தான் வெட்டிவிட்டு மறந்துவிட்டேனோ என்று பயந்துகொண்டுதான் பிரித்தேன்.

நகல் இத்துடன் இருக்கிறது. பார். நீ எழுதிய மூன்று வரியும் இருக்கிறது. மூன்றாவது வரியின் குறுக்கே ஒரே கோடாகப் பச்சை மை. ஓரத்தில் உன் எழுத்து: 'மூடிக் கேட்டதில் 5-க்கு 1. விஷம் என்றதும் ஸ்னேக், பாய்சன் என்கிறார்கள். கடைசி வரி இல்லாமல் கேட்டதில் 5-க்கு 5. பாஸ்.' தேதியும் போட்டிருக்கிறாய். நம் சண்டைக்கு நான்கு மாதம் முன்னால்.

முதலாளி இன்று காலை ஃபைலைக் கேட்டார். அந்தப் பள்ளிக்கு அனுப்பப்போகிறாராம், எழுதியவர் தப்பு, பதிப்பகத்துக்குச் சம்பந்தமில்லை என்று காட்ட. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அசல் என் பையில் இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று நீயே எழுது. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, நம்பு.

தம்பி


ஜூன் 19

தம்பி,

நகலைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, என் எழுத்தைப் பார்த்து நீயே எழுதிவிட்டாய் என்பதுதான். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு மணிநேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்துக்களின் வால் கூட அதே மாதிரி இருந்தது, அதையும் பழகியிருக்கிறான் பாவி என்று நினைத்தேன்.

வாலு பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டேன். அந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

"மஷ்ரூம் கேட்டது ஞாபகம் இருக்காடி?"

"இருக்கே. நான் ஸ்னேக்குன்னு சொன்னேன். நீ என்னைத் திட்டினே."

"ஸ்னேக்குன்னு ஏன் சொன்னே?"

"பாம்பு படம் எடுத்தா குடை மாதிரிதானேம்மா இருக்கும்? விஷம், தொடாதேன்னு வேற சொன்னே. நான் சரியாத்தான் யோசிச்சேன். நீதான் 'இந்த வரி எல்லாத்தையும் கெடுக்குது'ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்தே."

அவள் சொல்லச் சொல்ல எல்லாம் வந்துவிட்டது. அன்று பதினோரு சொல் கேட்டிருந்தேன், பத்து பாஸ். இது மட்டும் முரண்டு பிடித்தது. பிள்ளைகள் பசியோடு நெளிந்துகொண்டிருந்தார்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வரியை எடுத்தேன், ஐந்து பேரும் 'மஷ்ரூம்' என்று கத்தினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்துக்கு ஐந்து வாங்குவது எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

பிள்ளைகள் சொல்லைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தேன். அதைப் படித்தபிறகு என்ன செய்வார்கள் என்று யோசிக்கவே இல்லை. ஆமாம், நான்தான். உன்னை எட்டு மாதம் திட்டினேன், கடைசிப் பதினைந்து நாள் கொலைகாரனைத் திட்டுவதுபோலத் திட்டினேன். எழுதக் கூசுகிறது. மன்னித்துக்கொள்.

இனி சொல்வதைக் கேள். ஃபைலை மறைக்காதே. அசலை உன் முதலாளியிடம் கொடு, இன்றே கொடு. அவர் அந்தப் பள்ளிக்கு அனுப்பட்டும். எனக்கு அது வேண்டும்.

இந்தக் கட்டில் இருநூற்று எண்பத்தாறு கடிதம் இருக்கிறது. பள்ளிக்கு ஒன்று. பக்கம் 71-இல் இருப்பது தவறு, உயிருக்கு ஆபத்து, எழுதிய நானே சொல்கிறேன், பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தை இன்றே வாங்கி வையுங்கள் என்று எழுதி, நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முகவரிப் பட்டியல் உன் ஆபீஸில்தான் இருக்கிறது. உன் முதலாளி தரமாட்டார். நீ எடு. திருட்டு என்றால் திருட்டுதான். போன் நம்பர் இருக்கிற பள்ளிகளுக்கு முதலில் கூப்பிட்டுச் சொல்லிவிடு, கடிதம் பின்னால் போகட்டும். உன் பெயர் எங்கேயும் வேண்டாம். தப்பு ஒருத்தியுடையது, அவள் பெயர் போதும்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? அதை எழுதாமல் வேறு எதையும் எழுதாதே.

அக்கா


ஜூன் 24

அக்கா,

பிழைத்துவிட்டாள். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னாய். நேற்று டிரிப்ஸை எடுத்துவிட்டார்கள், ஒரு வாய் கஞ்சி குடித்தாளாம். நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு மாதம் மருந்து. ஓடி விளையாடக் கூடாது. முகம் பாதியாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன், யார் என்று சொல்லிக்கொள்ளாமல் கதவோரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஃபைலை முதலாளியிடம் கொடுத்தேன். உன் கடிதங்களையும் காட்டினேன். "உங்க அக்கா தலையில அவங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறாங்க, நமக்கென்ன" என்றார். பட்டியல் கேட்டேன். மாட்டேன் என்றார். கேட்காமல் எடுத்தேன். திங்கள்கிழமையிலிருந்து எனக்கு அங்கே மேஜை இல்லை. இதை உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை, இனி ப்ரூஃப் கட்டை அந்த முகவரிக்கு அனுப்பாதே என்பதற்காக எழுதுகிறேன்.

போன் நம்பர் இருந்த நூற்றுப் பதினெட்டுப் பள்ளிகளுக்கும் பேசிவிட்டேன். பாதிப் பேர் எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள். சில பேர், யாரோ போட்டிக் கம்பெனிக்காரன் என்று நினைத்து என்னைத் திட்டி வைத்துவிட்டார்கள். கடிதத்தில் முதல் நூற்று நாற்பத்தாறு சனிக்கிழமையே தபாலில் சேர்த்தாயிற்று. நேற்று ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கடிதம் வந்த அன்று மத்தியானமே இரண்டு பிள்ளைகள் டப்பாவில் காளானோடு நின்றார்களாம், பிடுங்கி எறிந்துவிட்டார்களாம்.

மீதி நூற்று நாற்பதை இன்னும் போடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதவேண்டும், நான்கு தாள் கிழித்தாயிற்று.

'தப்பு ஒருத்தியுடையது' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நினைத்துக்கொண்டே நூற்று நாற்பத்தாறு உறை ஒட்டினேன். அதற்குமேல் கை போகவில்லை.

நீ ஆபீஸில் என்னைச் சொன்ன அந்த வார்த்தைக்கு ஒரு வாரம் கழித்து, கடைசி ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது. அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் இருந்தது. பக்கம் 71-ஐப் படித்தேன். படித்தவுடனே எனக்குத் தோன்றியது, மழைக்காலத்தில் எந்தப் பிள்ளையாவது பறித்துத் தின்றால்? ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். பெட்டி, படம், பக்க எண் என்றால் நானே முடிவு செய்துவிடுவேன். பொருளில் சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும், அதுதான் எங்கள் முறை. எழுதியவள் நீ.

போனைக் கையில் எடுத்தேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். "பெட்டி ரொப்புறவனுக்குப் பொருள்ல என்ன வேலை?" அந்தக் குரலே காதில் கேட்டது. நீ சொல்லாததை நானே உனக்காகச் சொல்லி, அதற்கு நானே கோபப்பட்டு, போனை வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாததா, எழுதினவள் பாடு என்று நினைத்தேன். ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அழித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அந்தத் தாளும் அதே ஃபைலில்தான் இருந்தது. உனக்கு நகல் எடுத்து அனுப்பிய அன்று, இதை மட்டும் உருவி என் மேஜைக்குள் போட்டுக்கொண்டேன். உன் பச்சைக் கோட்டை உனக்குக் காட்டினேன், என்னுடையதை ஒளித்தேன். ஒன்பது நாள் ஒளித்தேன். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்தபிறகும் மூன்று நாள்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அழித்த இடம் தெரியும். நீ அறியாமல் செய்தாய். நான் தெரிந்தே விட்டேன்.

மீதி நூற்று நாற்பதிலும் உன் கையெழுத்துக்குக் கீழே, 'அச்சுக்குமுன் இந்தத் தவறைக் கண்டும் கேட்காமல் விட்டவன்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். முதலில் போன பள்ளிகளுக்கும் தனியாக எழுதி அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்று எழுதுவதற்குள் தபாலில் சேர்த்துவிடுவேன்.

இன்னொன்று. திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அழைத்துப் போனார். உன் கடிதத்தை டீச்சர் அவருக்கு ஏற்கெனவே படித்துக்காட்டியிருக்கிறார். அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: "எழுதினவங்களை நான் பாக்கணும்." திட்டவா என்று கேட்டேன். "தெரியலை. பாக்கணும்" என்றார்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாதிக்குமேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். வாலு வந்து, "மாமா என்ன எழுதியிருக்காரு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு எடுத்துப் படித்தேன். ஜன்னலில் தாளைப் பிடித்தும் பார்த்தேன். தெரிகிறது.

உன்மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு போன். நான் கத்தியிருப்பேன், நிச்சயமாகக் கத்தியிருப்பேன். கத்திவிட்டு, வைத்தபிறகு, பக்கத்தைப் பிரித்துப் பார்த்திருப்பேன். என்னை உனக்கு அவ்வளவுதான் தெரியுமா? அப்புறம் நானே கேட்டுக்கொண்டேன், அத்தனை பேர் முன்னால் ஒருவனை அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே அவன் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்கிறேன் என்று. ஆனாலும் கோபம் போகவில்லை. இப்போதைக்குப் போகாது. நீ ஒளித்த ஒன்பது நாளை என்னால் சீக்கிரம் மறக்க முடியாது, அதைத் தெரிந்துகொண்டே வா.

வா என்றுதான் எழுதுகிறேன். அந்த அம்மாவைப் பார்க்க நாளை மறுநாள் வருகிறேன். வாலுவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்கு அங்கே இருப்பேன். பஸ் நிலைய வாசலில் நில். நான் இறங்கியதும் எதுவும் விளக்க வேண்டாம், கண் கலங்க வேண்டாம், என் பையை வாங்கவும் வேண்டாம். அவர்கள் வீடு வரைக்கும் பேசாமலே போகலாம்.

என்ன சொல்வது என்று உன் கடிதம் வந்ததிலிருந்து மனசுக்குள் எழுதிப் பார்க்கிறேன். ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இரண்டாயிரம் சொற்களுக்குப் பொருள் எழுதியவளுக்கு, ஒரு அம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் வரவில்லை. வாசலில் நின்றபிறகு வருகிறதா பார்க்கலாம். அவர் கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்வேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

என்னுடையதை நான் சொல்வேன். உன்னுடையதை நீதான் சொல்லவேண்டும், உனக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன்.

சின்ன வயசிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், கதவு திறக்கும்போது நீ என் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பாய். எனக்கும் அது பிடிக்கும், உன்னைப் பின்னால் தள்ளிவிட்டதே நான்தான். அந்த வீட்டு வாசலில் என் பக்கத்தில் நில்.

அக்கா